தலை தெரிந்த பிறகுதான் சாவி

தம்கட்டிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவர்கள் மரியாதை வைத்துச் சொல்கிறார்கள். மூக்கு நுனிவரை வந்து காத்திருக்கும் பொறுமை அந்தக் கோபத்துக்கு என்றைக்குமே இருந்ததில்லை. காலையில் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் நகராட்சிக்கு ஒரு பாட்டம். படிக்கட்டை மறித்துச் சைக்கிளைச் சாய்த்து வைக்கும் கீழ்வீட்டுக்காரருக்கு ஒரு பாட்டம். "அறுபத்தேழு வயசுல, இந்தக் காத வெச்சுக்கிட்டு, இனிமே முங்கக் கூடாது" என்று சொன்ன காது டாக்டருக்கு, அவர் இல்லாத இடத்தில், இரண்டு பாட்டம். மதியத்துக்குள் திட்டித் திட்டி அவருக்கே தொண்டை கட்டிவிடும். கடைசியாகத் தன் பழைய கடற்படைப் படகின் எஞ்சின் அதிகாரியிடம் வருவார். அவரைத் திட்டுவதற்கு மட்டும் முப்பத்தோரு வருடமாகத் தொண்டை அவரைக் கைவிட்டதில்லை.

அந்த அதிகாரி போன வருடம் தன் வீட்டுப் படுக்கையில், தூக்கத்திலேயே, நிம்மதியாக இறந்துபோனார். செய்தி வந்த அன்று தம்கட்டி சாப்பிடவில்லை. துக்கம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. "செத்தும் தப்பிச்சிட்டான் பாரு" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

தம்கட்டி என்பது கடற்படையில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். அப்பா பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். மகன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனுக்கோ பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளம்தான் உலகம். அடியில் மூச்சடக்கி உட்கார்ந்துகொள்வான். கரையில் நிற்பவர்கள் இருநூறு எண்ணி முடித்து, பயந்து, வாத்தியாரைக் கூப்பிட ஓடிய பிறகுதான் தலையை நீட்டுவான். கடற்படைக்கு ஆள் எடுத்தபோது நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். "நீச்சல் சுமார்தான் சார், முங்குறது நல்லா வரும்" என்றான். கேட்டவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் வேலை கிடைத்தது.

இருபத்திரண்டு வருடம் முக்குளித்தவர். புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் அறுந்துபோன மிதவையைச் சங்கிலியில் கட்டியவர். ஹெலிகாப்டரிலிருந்து குதித்து, இடுப்பு பிசகி, ஒரு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்துவிட்டு, எட்டாம் நாள் மறுபடி குதித்தவர். மூழ்கிய சரக்குப் படகின் சமையலறைக்குள் போய், கெட்டிலுக்குள் குடியிருந்த ஒரு சின்ன ஆக்டோபஸைக் கெட்டிலோடு மேலே கொண்டுவந்து காட்டிவிட்டு, திரும்பவும் அதன் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவர். இப்படி எதையாவது செய்யாத மாதம் அவருக்கு விடுமுறை மாதம். "தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் தங்கமான மனுஷன். மேல வந்தாத்தான் வாயத் திறந்துடுறார்" என்பாள் அவர் மனைவி. கேலியாகச் சொன்னாலும் உண்மை. கீழே அவருக்குக் கோபமே வராது. அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பதில் சொல்லவும் வேண்டியதில்லை.

அவரோடு ஜோடியாக இறங்குகிறவன் ஒல்லி. எலும்பை எண்ணிவிடலாம், அத்தனை ஒல்லி. கப்பலின் அடியில் மற்றவர்கள் நுழைய முடியாத சந்தில் இவன் புகுந்து வருவான். ஒருவன் கீழே போனால் மற்றவன் மேலே கயிற்றைப் பிடிப்பான். கயிற்றில்தான் பேச்செல்லாம். ஓர் இழுப்பு என்றால் நலமா. இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் மேலே வருகிறேன். நான்கு என்றால் வேறெதையும் யோசிக்காமல் இழு. ஒல்லியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வேலையிலும் மிச்சம் வைக்க மாட்டான். மூன்று இழுத்துவிட்டுக் கிளம்பும்போதும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். ஏதாவது பிசிறு கண்ணில் பட்டுவிட்டால் போய் முடித்துவிட்டுத்தான் வருவான். "மூணு இழுத்தா வந்து தொலைடா" என்று தம்கட்டி எத்தனையோ முறை கத்தியிருக்கிறார். அவன் பல்லைக் காட்டுவான்.

அவர்கள் வேலை பார்த்தது ஒரு ரோந்துப் படகு. அடியில் ஆள் இருக்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது என்பது யாருக்கும் தெரியும். ஆனால் எஞ்சின் அறையில் இருப்பவருக்குத் தண்ணீருக்குள் ஆள் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும். அதற்காக ஒரு முறை வைத்திருந்தார்கள். ஆள் இறங்குவதற்கு முன்னால் எஞ்சின் அதிகாரி சாவியைக் கொண்டுவந்து கயிறு பிடிப்பவனிடம் கொடுத்துவிட வேண்டும். சிவப்புச் சாயம் பூசிய மரக்கட்டை கோத்த சாவி. அதைக் கயிறு பிடிப்பவன் கழுத்தில் மாட்டிக்கொள்வான். இறங்கியவன் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்த பிறகுதான் சாவி கை மாறும். தளபதியே வந்து கேட்டாலும் அதற்கு முன்னால் கிடையாது.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், படகின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்ட வலையை அறுக்க ஒல்லி இறங்கினான். கயிறு தம்கட்டியிடம், சாவி அவர் கழுத்தில். ஒல்லி கீழே இருக்கும்போதே எஞ்சின் ஓடியது. அதன் பிறகு மேலே வந்தது பாதிக் கயிறு.

எப்படி ஓடியது என்பதைத் தம்கட்டி ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பெரிய அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. எஞ்சின் அதிகாரி காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். பொறுமை இல்லாமல் தம்கட்டியின் கழுத்திலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். விசாரணையில் மேலே இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பூசி மெழுகிவிட்டார்கள். செத்தவன்மேலேயே பழியைப் போட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் கழுத்தில் ஒரு நரம்பு புடைக்கும். கேட்பவர்களுக்கும் ரத்தம் கொதிக்கும்.

அதிகம் கொதித்தது ஒல்லியின் மனைவிக்கு. தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தும் வேலை பார்த்து, ஒற்றைப் பெண்ணைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவள். தம்கட்டியை அண்ணே என்பாள், மகள் மாமா என்பாள். அந்த வீட்டின் பின்கதவுச் சாவி தம்கட்டியின் வளையத்தில்தான் இருக்கும். பெண் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவு திறந்துவிட்டது அவர். ஒழுகிய கூரைக்குத் தார் பூசியது அவர். ஜன்னல், மோட்டார், தாழ்ப்பாள் என்று அந்த வீட்டில் அவர் கை படாத ஆணி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடும் பாதி நாள் அங்கேதான்.

போன மாதம் அவள் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கடற்படைத் தளத்தின் வாசலில், பணியில் இறந்தவர்களின் பெயர்களைச் செதுக்கிய ஒரு சுவர் இருக்கிறது. ஒல்லியின் பெயர் அதில் இல்லை. சுவர் சாய்ந்துவிட்டதால் புதிதாகக் கட்டுகிறார்கள். விடுபட்ட பெயர் ஏதும் இருந்தால் மாத முடிவுக்குள் எழுதலாம் என்று அறிவித்திருந்தார்கள், அவளும் எழுதியிருந்தாள். அதற்கு வந்த பதில் அது. ஒல்லி ஒருமுறை மேலே வந்துவிட்டு, அனுமதியின்றி மீண்டும் இறங்கியதாக விசாரணைக் குறிப்பு சொல்கிறது, ஆகவே அது பணியில் நேர்ந்த மரணம் ஆகாது, உடன் இருந்தவர் எவராவது வேறு விதமாக எழுத்தில் சாட்சி சொன்னால் பரிசீலிக்கலாம் என்று இருந்தது.

"மேல வந்துட்டு மறுபடி இறங்கினார்னு எந்தப் பாவி அண்ணே சொன்னது?" என்று கேட்டாள்.

"அந்தாளுதான். வேற யாரு சொல்லுவா."

வாய் கூசாமல் வந்தது பதில். அவள் தலையாட்டினாள்.

"இப்ப அந்தாளும் இல்ல. இனி மறுத்துப் பேச யாரும் கிடையாது. உங்க கழுத்துலேருந்து சாவியப் பிடுங்கினான்னு நீங்க எழுதிக் குடுங்க. அது போதும். என் பொண்ணு அந்தச் சுவர்ல அவ அப்பா பேரத் தொட்டுப் பார்க்கணும் அண்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எழுதிடுறேன் தங்கச்சி. அந்த ராஸ்கலக் கிழிச்சு எழுதுறேன்" என்றார் தம்கட்டி.

அவள் போனதும் கீழ்வீட்டுச் சைக்கிளை எட்டி உதைத்தார்.

ஏனென்றால் நடந்தது அதுவல்ல. சாவியை யாரும் பிடுங்கவில்லை. அன்று காலை கயிற்றில் மூன்று இழுப்பு வந்தது. தம்கட்டி, "வர்றான்" என்றார். எஞ்சின் அதிகாரி கையை நீட்டினார். "வர்றான்ல, குடு" என்றார். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை, கடையில் சில்லறை கேட்பதுபோல் கேட்டார். தம்கட்டி கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார். அந்த மனிதர் படியிறங்கி எஞ்சின் அறைக்குப் போவதற்குள் ஒல்லி வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டார். ஒல்லி என்றால் மூன்று இழுத்த பிறகு திரும்பிப் பார்க்கிற ஆள் என்பது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

விசாரணையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். சாவி கொடுப்பதற்கு முன்னால் தலையைப் பார்த்தாயா. "பார்த்தேன்" என்றார். அந்த ஒரு சொல்தான் ஒல்லியை மேலே கொண்டுவந்தது, அனுமதியில்லாமல் திரும்ப இறக்கியது, சுவரிலிருந்து பெயரை அழித்தது. எஞ்சின் அதிகாரிக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. அவரும் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து பிடித்த கோபம் இது. கோபமாக இருக்கும் மனிதனை யாரும் கேள்வி கேட்பதில்லை. இதைத் தம்கட்டி சீக்கிரமே கண்டுகொண்டார்.

ஒரு வாரம் எழுத உட்கார்ந்தார். "பிடுங்கினார்" என்ற சொல் வரை வரும். பேனா சரியில்லை என்று தூக்கி எறிவார். மனைவி வேறு பேனா கொண்டுவந்து கொடுத்தால், "காகிதமா இது? எண்ணெய் ஒத்துற காகிதம் மாதிரி இருக்கு" என்பார். எட்டாம் நாள் காலை எழுந்ததும், "குவாரிக்குப் போகலாம் கிளம்பு" என்றார்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று. அறுபதடி ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அதுதான் கடல். கயிறு பிடிப்பது மனைவி.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அவன் கிடக்கிறான். அவனுக்கு வாளித் தண்ணில தலைய விடத் தெரியுமா?"

"காது போச்சுன்னா நான் திட்டுறது கேக்காது. அப்புறம் எனக்கென்ன லாபம்" என்றாள். சொல்லிக்கொண்டே மடக்கு நாற்காலியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். முப்பத்தெட்டு வருடப் பழக்கம்.

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்கினார். தண்ணீர் தலைக்கு மேலே மூடியதும் வழக்கம்போல எல்லாம் அடங்கியது. இடது காதுக்குள் ஊசி குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடிவரை போனார். இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் மேலேயிருந்து ஓர் இழுப்பு வரும். அவர் பதிலுக்கு ஓர் இழுப்பு கொடுப்பார். அடித்தரையில் கல் உடைத்த காலத்து இரும்புத் தடங்கள் கிடந்தன. சின்னச் சின்ன மீன்கள் வந்து அவர் கண்ணாடியில் முட்டிவிட்டுப் போயின. காது பொறுக்க முடியாமல் போனபோது மூன்று இழுத்தார். கிளம்பினார். கால் கிளப்பிய சேற்றுக்கடியில் ஏதோ பளபளத்தது.

திரும்பிப் பார்த்தார். ஒரு பழைய லாந்தர் விளக்கின் பித்தளைத் தலை. திரும்பிப் போய் இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டினார். அது பிடிவாதமாகப் புதைந்து கிடந்தது. மேலேயிருந்து ஓர் இழுப்பு வந்ததை உணர்ந்தார். கை காலியாக இல்லை, பதில் கொடுக்கவில்லை. மறுபடி ஓர் இழுப்பு. விளக்கு கையோடு வந்தபோது நான்கைந்து நிமிடம் ஆகியிருந்தது.

தலையை நீட்டியபோது கரையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. குவாரித் தண்ணீரைப் பெரிய குழாயில் உறிஞ்சித் தோப்புக்கு ஏற்றும் பம்ப்புக்காரர் கையை ஆட்டிக்கொண்டு கத்தினார். மனைவி கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, பம்ப்பின் சுவிட்ச் பெட்டிமேல் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"சார், என்ன சார் உங்க வீட்டம்மா. மேல வர்றார்னு அவங்களேதான் சொன்னாங்க. சரி, வர்றார்ல, போடட்டுமான்னு கேட்டேன். பெட்டிகிட்டயே விட மாட்டேங்கிறாங்க. எனக்கும் வேல இருக்கில்ல" என்றார் பம்ப்புக்காரர்.

"வர்றேன்னு சொல்றது வேற, வர்றது வேற" என்றாள் அவள் பம்ப்புக்காரரிடம். "தல தெரியாம நான் நகர மாட்டேன்னு சொன்னேன்ல. இப்பத் தெரியுது. போட்டுக்குங்க."

பிறகு இவரிடம் திரும்பினாள். "மூணு இழுத்துட்டு எங்க போனீங்க?"

தம்கட்டிக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. பம்ப்புக்காரரைத் திட்ட வாயைத் திறந்தார். என்ன சொல்லித் திட்டுவது. அந்த மனிதர் கேட்டார், அவ்வளவுதான். கேட்பவன் கேட்பான். கொடுக்காமல் நிற்க ஒருத்தி இருந்தாள். கடற்படையின் வாசலைக்கூட மிதிக்காத இவளுக்கு இது தெரிந்திருக்கிறது. ஒரு நிமிடம் அவள்மேல்கூட எரிச்சல் வந்தது, இத்தனை சுலபமாகச் செய்துவிட்டாளே என்று. விளக்கைத் தண்ணீரிலேயே வீசிவிட்டுக் கரையில் உட்கார்ந்தார். உடையைக்கூடக் கழற்றாமல், எல்லாவற்றையும் சொன்னார். பம்ப் ஓடிய சத்தத்தில் பாதி அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் புரிந்துகொண்டாள்.

அவள் கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி முடித்தாள்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? போய் அவகிட்ட சொல்லுங்க."

"பிடுங்கினான்னு எழுதினாலும் பேரு சுவர்ல ஏறிடும்டி. அவளுக்கு வேண்டியது அதுதான."

"ஏறிடும். அப்புறம் ஞாயித்துக்கிழம அவ வீட்டுல போய் உக்காந்து சாப்பிடுவீங்களா?"

அவர் அன்று மாலையே எழுதினார். பழைய பேனா, அதே காகிதம். இரண்டுமே நன்றாகத்தான் எழுதின.

மறுநாள் காலை ஒல்லியின் மனைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தாள். தம்கட்டி நின்றுகொண்டிருந்தார். கடிதம் நீளமில்லை. சாவியை யாரும் பிடுங்கவில்லை. மூன்று இழுப்பு வந்ததும் நானே கழற்றிக் கொடுத்தேன். தலையை நான் பார்க்கவில்லை. பார்த்ததாக விசாரணையில் சொன்னது பொய். அவன் அனுமதியில்லாமல் திரும்ப இறங்கவில்லை. அவன் மேலே வரவே இல்லை.

இரண்டாவது தடவையும் படித்தாள். அஞ்சலில் வந்த முகவரியைச் சரிபார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்துப் படித்தாள். மடித்தாள்.

"அவர் போய் ரெண்டு மாசம் கழிச்சு அந்த அதிகாரி இங்க வந்தார், தெரியுமா உங்களுக்கு? வாசல்ல நின்னார். தொப்பியக் கையில வெச்சிருந்தார். நான் மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்தினேன். ஏதோ சொல்ல வந்திருக்கார்."

"தங்கச்சி..."

"போன வருஷம் செத்துட்டார்னு நீங்க வந்து சொன்னப்ப, நல்லா வேணும்னு சொன்னேன். நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க. தலைய ஆட்டினீங்க."

"திட்டும்மா" என்றார் தம்கட்டி. "வாய்க்கு வந்தபடி திட்டு. அடிக்கணும்னாலும் அடி."

"திட்டினா உங்களுக்கு ஆறிடும். திட்ட மாட்டேன்."

அவள் குரல் உயரவே இல்லை. அவருக்கு அது தாங்கவில்லை. கத்துகிறவர்களிடம் எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியும். இந்தக் கோபத்தை அவர் எங்கும் பார்த்ததில்லை.

"இத நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்" என்று கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். "பேரு வந்துடும். பொண்ணக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். நீங்க அன்னைக்கு அங்க வர வேண்டாம்."

"சரிம்மா."

"பின்கதவுச் சாவி உங்ககிட்ட இருக்கு."

அவள் கையை நீட்டினாள். தம்கட்டி சட்டைப்பையிலிருந்து சாவி வளையத்தை எடுத்தார். இத்தனை வருடம் கழற்றாத சாவி, வளையத்தில் இறுகிக் கிடந்தது. நகத்தை விட்டு நெம்பினார். நகம் பிளந்தது. இன்னொரு விரலால் நெம்பினார். அவள் உதவவில்லை, கையை மடக்கவும் இல்லை. கடைசியில் அது கழன்று வந்தது. உள்ளங்கையில் வைத்தார்.

வெளியே வந்து படியில் நின்றார். திட்டுவதற்கு யாராவது அகப்படுவார்களா என்று தெருவைப் பார்த்தார். யாரும் இல்லை. அவருக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. போன மாதம் அவரே எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விழுந்தது.